பின்பக்கம் திறந்த மணவறை

போன மாதம் மந்தினிலிருந்து காயத்ரி கூப்பிட்டாள். கல்யாண அலங்காரக் கம்பெனி ஒன்றைச் சொந்தமாக நடத்துகிறாள். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சிரம்பானில் கூடிப் பேசப் போகிறார்களாம், நானும் வந்து அரை மணி நேரம் பேச வேண்டுமாம்.

"என்னத்தம்மா பேசுறது?" என்றேன்.

"உங்களுக்கு ஐடியா எல்லாம் எங்கேருந்து வருதுன்னு சொல்லுங்க ஆண்டி. அந்தப் பின்பக்கம் திறந்த மணவறை எப்படித் தோணுச்சுன்னு சொன்னா போதும் லா. இப்ப நாங்க எல்லாரும் அதைத்தானே பண்றோம்."

அவள் சொன்னது உண்மை. இன்றைக்கு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணமக்களுக்குப் பின்னால் பலகை அடைப்பு இருப்பதில்லை. நான்கு தூண், மேலே பூப்பந்தல், பின்னால் மெல்லிய வெள்ளைத் துணி, அதன் வழியாக வெளிச்சம். அதற்கு என்னென்னவோ ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் அதை முதலில் செய்தவள் நான்தான். முப்பத்தாறு வருடம் மணவறை கட்டியவள், இந்த ஒரு விஷயத்தில் அடக்கமாகப் பேச எனக்கு வராது.

ஆனால் ஐடியா எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேலையில் நான் விட்டுவிட்ட ஒரு பழக்கம் என் தலையில் குட்டி வேலை வாங்கியது. கூட்டத்தில் சொல்வதற்காக அதை எழுதிப் பார்த்தேன், அது இவ்வளவு நீளத்துக்கு வந்துவிட்டது.

நான் பகாவ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா பால்மரம் சீவப் போனார், அப்பா உரம் போடும் கும்பலில் இருந்தார். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் மம்பாவில் இருந்த மிசிஸ் ஞானமுத்துவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பூ ஆய்ந்தேன், நார் கிழித்தேன், நுரைப்பலகையைச் சூடான கம்பியால் வெட்டப் பழகிக் கைவிரலைச் சுட்டுக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மிசிஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்துவக் குடும்பம். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. மிசிஸ் தேவாலயத்தில் பீடத்துக்குப் பூ வைக்க ஆரம்பித்து, பிறகு இந்துக் கல்யாணங்களுக்கு மணவறை கட்டும் வேலைக்கு வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வாயில் புடவை, இடுப்பில் அளவு நாடா, மூக்கின் நுனியில் கண்ணாடி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. பிழை கண்டால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், நாம் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவோம்.

கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்தால் மற்ற கடைகளில் முதலில் என்ன நிறம் என்று கேட்பார்கள். மிசிஸ் கேட்பது வேறு.

"ஆர் பாக்க வேணும்?" என்பார்.

வந்தவர்கள் முழிப்பார்கள். ஐந்நூறு பேர் வருவார்கள், எல்லாரும்தான் பார்ப்பார்கள் என்பார்கள்.

"ஐந்நூறு பேர் சாப்பிட வருவினம். ஆர் கட்டாயம் பாக்க வேணும் எண்டு கேக்கிறன்."

அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். காது கேட்காத அக்கா ஒருத்தி, அவளுக்கு ஐயருடைய வாய் அசைவது தெரிய வேண்டும். அம்மாவும் அப்பாவும் பிரிந்து வாழ்கிறார்கள், ஒரே வரிசையில் உட்கார மாட்டார்கள், இரண்டு பேருக்கும் மகள் முகம் தெரிய வேண்டும். மிசிஸ் எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொள்வார். நிறமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மண்டபத்துக்குப் போனால் சட்டம் நிறுத்தியதும் ஆணி அடிக்க விடமாட்டார். "இருந்து பார் பிள்ளை" என்பார், உட்கார்ந்து பார் என்று அர்த்தம். முதல் வரிசைக் கதிரை, கடைசி வரிசைக் கதிரை, தூணுக்குப் பின்னால் இருக்கும் கதிரை, எல்லாவற்றிலும் நான் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும். லோரி ஓட்டும் ஆ சோங் மணவறையில் மாப்பிள்ளைக்குப் பதிலாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பான். எங்களுக்குத் தச்சு வேலை பார்ப்பதும் அவன்தான். இந்த வட்டாரத்தில் அவனைவிட அதிகம் தடவை மணவறை ஏறிய ஆள் கிடையாது.

கல்யாணம் முடிந்த மறுநாள் இன்னொரு வேலை. அதே கொப்பியில் நேற்று என்னென்ன பிழை என்று மூன்று வரி எழுத வேண்டும். யார் பாராட்டினார்கள் என்று எழுதக் கூடாது. 'தூணில் கட்டிய மல்லிகை பத்து மணிக்கே வாடிவிட்டது. நாற்காலி உறை ஈரமாக இருந்தது.' இப்படி. எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். ஐந்நூறு பேர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போன பிறகு நாம் ஏன் குற்றம் தேட வேண்டும் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவைக்கு அது ஒரு நாள். உனக்கு அடுத்த கிழமையும் இருக்கு" என்றார் மிசிஸ்.

பதினைந்து வருடம் இப்படிப் போனது. மிசிஸுக்கு முழங்கால் வலி அதிகமானதும் மண்டபத்து வேலை முழுதும் என் கைக்கு வந்தது. எனக்கு நல்ல பெயர், கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. கொப்பியை எப்போதாவதுதான் எடுத்தேன். வீட்டார் வந்தால் நானும் என்ன நிறம் என்று கேட்க ஆரம்பித்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாலதி வந்தாள். சிரம்பானில் நர்ஸாக வேலை. பிறந்து வளர்ந்தது பகாவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டம். கூட அவளுடைய சித்தப்பா குணசேகரன் வந்திருந்தார். எல்லாவற்றையும் அவர்தான் பேசினார், அவள் பக்கத்தில் அமைதியாக இருந்தாள். கல்யாணம் தோட்டத்து மண்டபத்தில் என்றதும் எனக்கு உற்சாகம் பாதி போய்விட்டது. தகரக் கூரை, தாழ்ந்த விட்டம், சுவரெல்லாம் அரசாங்கப் பச்சை. நல்ல சம்பளம் வாங்கும் பெண் ஏன் சிரம்பானில் ஏர்கோன் மண்டபம் எடுக்கவில்லை என்று மனதுக்குள் குறைபட்டேனே தவிர, வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

கேட்பதற்குப் பதிலாக, அந்த அசிங்கமான சுவரை மறைப்பதற்காகவே ஒரு மயில் செதுக்கினேன். மூன்று வாரம். எட்டடி உயரம், பன்னிரண்டடி அகலம், மணமக்களுக்குப் பின்னால் முழுத் தோகையையும் விரித்து நிற்கிற மாதிரி. ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று நீலம் தீட்டினேன். அதைப் போல ஒன்றை அதற்கு முன்பும் பின்பும் நான் செய்ததில்லை. மிசிஸ் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டு, "வடிவான மயில்" என்றார். பிறகு, "ஆர் பாக்க வேணும் எண்டு கேட்டனியோ?" என்றார். கேட்டேன் என்று சொன்னேன். மிசிஸிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மண்டபத்தில் சட்டம் நிறுத்திவிட்டோம். மணமக்கள் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்பதால் மேற்குச் சுவர்ப் பக்கம், பின்னால் நாலடி இடம் விட்டு மேடை. மயில் இன்னும் லோரியில் இருந்தது. மாலதி வந்து நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, அப்பா கட்டிலை எங்க போடலாம்?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன கட்டில்?"

அப்போதுதான் சொன்னாள். அப்பா முனியாண்டி இதே தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. இடது கை மட்டும் அசையும். அவர் படுத்திருக்கும் வீடு மண்டபத்துக்கு நேர் பின்னால், கூப்பிடு தூரம். அங்கிருந்து சிரம்பானுக்குக் கொண்டுபோனால் தாங்க மாட்டார். அதனால்தான் இந்த மண்டபம்.

"தாலி கட்டுறத அப்பா பாக்கணும்க்கா. நல்லா இருந்தப்ப அதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாரு. சித்தப்பா என்னடான்னா, கூட்டத்துல கட்டில வேணாம், வீடியோவுல போட்டுக் காட்டிக்கலாம்னு சொல்றாரு. இதோ இருக்கிற வீட்டுல படுத்துக்கிட்டு எங்கப்பா என் கல்யாணத்த டிவியில பாக்கணுமா?"

அவள் அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

தோட்டத்து ஆபிஸுக்கு நடந்துபோய் மிசிஸுக்குப் போன் போட்டேன். உண்மையைச் சொன்னேன். கண்ணாடிக்கு மேலான அந்தப் பார்வை போனிலேயே தெரிந்தது.

"இருந்து பாத்துப் பிரயோசனம் இல்லை" என்றார். "அந்த மனுசன் படுத்துத்தானே பாக்கப் போறார். படுத்துப் பார்."

போனை வைத்துவிட்டார்.

மாலதியின் வீட்டுக்குப் போய், சக்கரம் வைத்த அந்தக் கட்டிலின் உயரத்தை அளந்து வந்தேன். இரண்டு பெஞ்சை அதே உயரத்துக்கு அடுக்கி, மண்டபத்தின் முன்வரிசையில் போட்டு, தலைக்கு ஒரு மூட்டையை வைத்துப் படுத்தேன். ஆ சோங் எனக்கு முன்னால் வந்து வீடியோக்காரன் மாதிரி நின்றான். அவனுடைய கால்சட்டைப் பின்பக்கம் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

நம்முடைய கல்யாணங்களில் தாலி கட்டும் நேரம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கெட்டிமேளம் கேட்டதும் அரிசியும் பூவும் வைத்திருக்கிற அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். முன்னால் இரண்டு வீடியோக்காரர்கள், மூன்று போட்டோக்காரர்கள். நாற்காலியில் நல்லபடியாக உட்கார்ந்திருப்பவர்களே பார்க்க முடியாது, படுத்திருப்பவர் எதைப் பார்ப்பது? பெஞ்சை இடது பக்கம் போட்டேன், அங்கே பெண்வீட்டுக் கூட்டம் நிற்கும். வலது பக்கம் போட்டேன், அங்கே ஐயரும் ஓமப் புகையும். மேடை மேலேயே போடலாமென்றால் இடமில்லை. ஒரு மணி நேரம் படுத்துப் படுத்து எழுந்ததில் முதுகு விட்டுப்போயிற்று.

"தனா, மயில் போடலாமா? ஹுஜான் வருது, லோரி நனையும் லா" என்றான் ஆ சோங். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

மயிலை மாட்டும் இடத்தில் சட்டத்தின் திருகுகளைப் பார்க்க மேடைக்குப் பின்னால் போனேன். மாலதி களைத்துப்போய் மணப்பலகையிலேயே எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வெயிலில் அலைந்ததில் கூந்தலை அள்ளி முன்பக்கம் போட்டிருந்தாள். அடைப்பு இல்லாத சட்டத்தின் வழியாக அவளுடைய பிடரி எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். தாலியின் முடிச்சு பிடரியில்தானே விழுகிறது. முன்னால் ஐந்நூறு பேர் முண்டியடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் முழங்கையைப் பார்க்கிறார்கள். முடிச்சு விழும் இடத்தை இத்தனை வருடமாக நாங்கள் பலகை வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறோம். மேற்குச் சுவரில், மேடைக்கு நேர் பின்னால், மேசை நாற்காலி ஏற்றி இறக்குவதற்கான இரட்டைக் கதவு இருந்தது. அதைத் திறந்தால் கட்டிலை வீட்டிலிருந்து நேராக உருட்டிக்கொண்டு வந்துவிடலாம். யாருடைய கால் முட்டியும் குறுக்கே வராது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். மயிலை மாட்டக் கூடாது.

உடனே மனம் ஒப்பியது என்று எழுதினால் பொய். மயிலைச் சிறிதாக வெட்டி ஒரு ஓரம் வைக்கலாமா, மேலே தூக்கிக் கட்டலாமா என்று கால் மணி நேரம் யோசித்தேன். எப்படி வைத்தாலும் எங்கோ ஓரிடத்தில் மறைத்தது. கடைசியில் ஆ சோங்கிடம், மயில் வேண்டாம், திருப்பிக் கொண்டுபோகலாம் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூணு வாரம் தனா" என்றான். பிறகு லோரியின் கித்தானை இழுத்து மூடினான்.

சித்தப்பா குணசேகரன் குதித்தார். "மணவறைக்குப் பின்னால வெறும் வாசலா? கட்டிலும் சீக்காளியும் தெரியட்டும்னா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? மயில் படம் காட்டித்தானே எங்கிட்ட வேலை எடுத்தீங்க."

நான் நேரே தோட்டத்துக் கோயில் ஐயரிடம் போனேன், அவரும் கூடவே வந்தார். சட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "அக்கினி இருக்கணும், சாட்சி இருக்கணும். பின்னால பலகை இருக்கணும்னு எந்த மந்திரத்திலயும் இல்லப்பா. பெத்தவன விடப் பெரிய சாட்சி யாரு?" என்றார். சித்தப்பா அடங்கினார், ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த பிரச்சினை வீடியோக்காரர். கதவைத் திறந்தால் பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும், பெண் முகம் கறுப்பாக விழும் என்றார். அவர் சொன்னதும் நியாயம். கடையில் வாங்கப் போக நேரமில்லை. மாலதியின் அம்மா வீட்டிலிருந்து முனியாண்டியின் புது வேட்டிகள் நான்கைக் கொண்டுவந்தார், திருவிழாவுக்குக் கட்டுவதற்கென்று வாங்கி, கட்ட முடியாமல் மடிப்புக் கலையாமல் இருந்தவை. அவற்றைச் சேர்த்துத் தைத்து வாசலில் மேலிருந்து தொங்கவிட்டேன். வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. தூண்களுக்குக் குருத்தோலைத் தோரணம், மேலே மல்லிகைச் சரம். அவ்வளவுதான். கல்யாணத்தன்று காலையில் பூப்பெட்டியைத் திறந்து சரத்தைச் சுற்றியபோது எனக்கே அது முடிக்காத வேலை மாதிரி தெரிந்தது.

ஏழரைக்குக் கட்டிலை உருட்டி வந்தார்கள். முனியாண்டிக்குச் சட்டை போட்டு, திருநீறு பூசி, தலையணையை உயர்த்தி வைத்திருந்தார்கள். வேட்டித் திரைக்கும் மேடைக்கும் நடுவே கட்டில் சரியாக உட்கார்ந்தது. காற்றில் திரை ஆடிப் படமெடுப்பதைக் கெடுக்கக் கூடாதென்று அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன்.

கெட்டிமேளம் முழங்கியது. அந்தப் பக்கம் எல்லாரும் எழுந்தார்கள். அரிசி எங்கள் மேலும் வந்து விழுந்தது. மாப்பிள்ளையின் கை மாலதியின் பிடரிக்கு வந்து ஒரு முடிச்சுப் போட்டது. கட்டிலில் முனியாண்டியின் இடது கை மெல்ல எழுந்து ஒரு விரலை நீட்டியது. நானும் அப்போதுதான் கவனித்தேன், அவர் எண்ணுகிறார்.

மாப்பிள்ளையின் தங்கை குனிந்து இரண்டாவது முடிச்சைப் போட்டாள். இரண்டு விரல். அந்தப் பிள்ளைக்குக் கண்ணிலெல்லாம் அரிசி. முன்னாலிருந்து போட்டோக்காரர் ஒருவர், "தங்கச்சி, இங்க பாருங்க, இங்க" என்று கத்தினார். அவள் நிமிர்ந்து சிரித்தாள், யாரோ அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். மேளம் ஓய்ந்தது. ஐயர் அடுத்த மந்திரத்துக்குத் தொண்டையைச் செருமினார்.

முனியாண்டியின் கை இறங்கவில்லை. இரண்டு விரலும் அப்படியே நின்றன. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவருக்கு ஏதோ ஆகிறது என்று நான் பயந்து குனிந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளின் கழுத்தையே பார்த்தார். நானும் பார்த்தேன். மஞ்சள் சரட்டின் இரண்டு நுனியும் கட்டாமல் தொங்கின.

திரையை விட்டுவிட்டு, "ஐயரே, மூணாவது முடிச்சு விழல" என்றேன். ஐயர் எட்டிப் பார்த்தார். முன்னால் இருந்த ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஐயர் மறுபடி மேளத்துக்குக் கைகாட்டினார். மாப்பிள்ளையின் தங்கை ஓடிவந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்றாவது முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

மூன்று விரல். பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கியது. சித்தப்பா குணசேகரன் கட்டிலின் கால்மாட்டுக்கு எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு வீட்டார் என்னிடம் வந்து அதே மாதிரி மணவறை வேண்டும் என்று கேட்டார்கள். முன்பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த வெளிச்சம் அவ்வளவு பிடித்திருந்தது. அடுத்த வருடம் மந்தினில் ஐந்து, சிரம்பானில் எத்தனையோ. மயிலை நானே துண்டு துண்டாக வெட்டி மற்ற வேலைகளுக்குப் பயன்படுத்திக்கொண்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் கொப்பியில் என் மூன்று வரி: 'கேட்கவில்லை. கேட்டேன் என்று பொய் சொன்னேன். திரையின் முனைக்குக் கனம் கட்டவில்லை.' மிசிஸ் படித்துவிட்டு மூன்றாவது வரிக்குக் கீழே மட்டும் கோடு போட்டார்.

நேற்று காயத்ரி மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். கூட்டத்தில் திரையில் காட்ட அந்த முதல் மணவறையின் படம் வேண்டுமாம். மாலதியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த ஒரே படத்தைக் கொடுத்தேன். முன்னாலிருந்து எடுத்தது, தாலி கட்டி முடிந்த சமயம். கைபேசியில் அதைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஆண்டி, பொண்ணோட தோளுக்குப் பின்னால ஏதோ குச்சி மாதிரி மங்கலா நிக்குது. அழிச்சிடட்டுமா? ரெண்டு நிமிசம்தான்."

"அழிக்காத" என்றேன். "பெரிசாக்கிப் பாரு."

பெரிதாக்கினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையருகே குனிந்தாள்.

"விரலா ஆண்டி இது?"

"எண்ணு" என்றேன்.

எண்ணினாள். மூன்று இருந்தது.

கூட்டத்தில் மற்ற படம் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.